சுத்தவாளி

நீதவான் மன்றில் எதிரி என்றால் பகைவனில்லை.
பெயர் கூப்பிட்டதும் கூண்டில் ஏறி
சாரத்தைச் சரிசெய்துகொள்கிறவர், அவ்வளவுதான்.
மொழிபெயர்ப்பாளர் மேசைக்கு வந்த முதல் வாரம்
எதிரி, எதிரி என்று கூப்பிட்டு
நாக்குக் கசந்தது. பிறகு பழகியது.

இன்றைய எதிரி அருளப்பு டெஸ்மன், பாலையூற்று.
டச்சுக்குடாவில் கிடந்த வள்ளமொன்றிலிருந்து
பதினைந்து குதிரைவலு எஞ்சினைக் கழற்றியது.
குற்றவாளியா, சுத்தவாளியா?
வாசித்துவிட்டு நிமிர்ந்தேன்.
மனிதர் தன் கைகளைப் பார்த்தார்.
நகக்கண்ணெல்லாம் கிறீஸ்.
சுத்தவாளி என்று சொல்லக் கூச்சம்.
"எடுத்தனான்தான்" என்றார்.
"என்ர எஞ்சின். கடனுக்கு ஈடாய்க் கிடந்தது.
கடன் தைமாதமே முடிஞ்சுது."

எடுத்தல் வேறு
களவெடுத்தல் வேறு.
இடையில் மூன்றே எழுத்து.
மூன்று வருடம் வரைக்கும் மறியல் அதற்குள் இருக்கிறது.
பொலிஸ் வாக்குமூலத்தில் அந்த மூன்றெழுத்தை
யாரோ முன்னால் ஒட்டியிருந்தார்கள்.
பொலிஸிடம் சொன்ன ஒப்புதல் இங்கே செல்லாதென்று
சட்டத்தரணி இரண்டு தரம் சொன்னார்.
சார்ஜன்ட் மின்விசிறியைப் பார்த்தார்.

செயலுக்குத் தடயம் உண்டு:
கழன்ற ஆணி, மணலில் இழுத்த கோடு,
சான்றுப்பொருள் அறையில்
கழுத்தில் அட்டை தொங்க நிற்கும் எஞ்சின்.
எண்ணத்துக்கு எங்கே அட்டை கட்டுவது?

வெளியே, பிணைக்கு வந்த ஒருவரின்
கிராம அலுவலர் சான்றிதழை
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
நிதானமாக மென்றுகொண்டிருந்தது.
ஆவணம் அழித்தல், பட்டப்பகலில், சாட்சிகள் பதினெட்டுப் பேர்.
குற்றமனம்: பசி.
ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை.
பிணையாளி மட்டும் தலையில் கைவைத்து
திரும்ப உப்புவெளிக்கு பஸ் ஏறினார்.

எண்பிக்கும் சுமை வழக்குத் தொடுநர் தோளில்.
நியாயமான சந்தேகம் எதிரிக்கு.
கடனில் எல்லாம் போனவனுக்கும்
மன்று எழுதிக்கொடுக்கிற ஒரே காணி அது.
டெஸ்மனுக்குப் பிணை. தவணை ஆவணி ஒன்பது.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிற நான்
ஏழு வருடத்துக்கு முன்
ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றே முக்கால் மணி,
கடைசி வழக்கு.
"தண்டு திரும்பேக்க அவருக்குப் பட்டிட்டு" என்றார் எதிரி.
பட்டிட்டு.
அடித்தவன் இல்லாத வினைச்சொல்.
சிங்களத்திலும் அதற்குச் சரியான சொல் இருக்கிறது: வெதுணா.
நான் சொன்னது: கெஹுவா.
அடித்தார்.

யாரும் திருத்தவில்லை.
கோப்பில் நீலமையில் ஏறியது.
பாரதூரமான காயம், எட்டு மாதம்.
வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான்
அந்தச் சொல் தொண்டையில் முள்ளாய் நின்றது.
திங்கட்கிழமை வாய் திறந்திருக்கலாம்.
அடுத்த திங்களும் இருந்தது.

எனக்கு எந்தப் பிரிவு?
செயல் உண்டு. கெட்ட எண்ணம் இல்லை.
கவனயீனம் என்று எழுதலாம் வெள்ளிக்கிழமைக்கு.
திங்கட்கிழமைகளுக்கு என்ன எழுதுவது?
தண்டனைச் சட்டக்கோவையைத் தலைமாட்டில் வைத்துப் பார்த்தேன்.
என் பெயருக்கு இடமில்லை,
எனக்கு எதிராக முறைப்பாடும் இல்லை.

இன்று பின்னேரம் மீன் சந்தையில்
சரிபுத்தீனைக் கண்டேன், பலகைக்குப் பின்னால்.
தாடி நரைத்திருந்தது. என்னைத் தெரியவில்லை.
கருப்புக் கோட்டும் மேசையும் இல்லாவிட்டால்
நான் யாரோ ஒரு பெண்பிள்ளை.
அரைக்கிலோ பாரை நிறுத்து
தராசு சமனான பிறகு
இன்னொரு சின்ன மீனை மேலே போட்டார்.
"காசு வேணாம். எடுங்க, தங்கச்சி."

கை நீளவில்லை.
பின்னால் நின்றவர் இடித்தார், வேண்டுமென்றோ தவறுதலாகவோ.
"எடுங்க" என்றார் மறுபடி.

எடுத்தனான்.